கடற்பாசி எடுக்கும் பெண்களோடு ஒப்பந்தம் போடுங்கள்: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் வனத்துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். ராமேசுவரம் பக்கமிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் இந்தப் பூங்கா வந்தது. அதற்கு முன் பவளப்பாரை வெட்டிச் சுண்ணாம்புக்கு அள்ளிப் போன காலம் உண்டு. அது நின்றதில் உங்கள் காவலுக்குப் பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் நீங்கள் எல்லை குறித்த கடலில் அதற்கு முன்பிருந்தே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சின்னப்பாலம் போன்ற ஊர்களிலிருந்து வத்தை என்னும் சிறு படகில் போய், தீவோரத்தில் இறங்கி, மூச்சுப் பிடித்து முங்கிப் பாசி எடுக்கும் பெண்கள். பாறை கிழிக்காமலிருக்க விரலில் துணிச் சுற்று, கண்ணில் கண்ணாடி, சேலைக்கு மேல் ஒரு சட்டை. அவர்கள் எடுக்கும் மரிக்கொழுந்து என்ற பாசிதான் அகர் என்னும் கூழ்ப்பொருள் ஆகி மருந்துக்கும் இனிப்புக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போகிறது. கட்டக்கோரை என்ற இன்னொரு பாசி வேறு ஆலைகளுக்குப் போகிறது. பூங்கா வந்தபின் இதே வேலை குற்றமாகிவிட்டது. படகைப் பிடிப்பது, அபராதம் போடுவது, எடுத்த பாசியைக் கொட்டச் சொல்வது என்று எல்லாம் நடந்தன.

அவர்கள் பதிலுக்குச் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சண்டையோடு நிற்காமல் தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். மாதம் முழுக்கப் போவதில்லை, 12 நாள் மட்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் ஓய்வு. இரும்புக் கருவியால் சுரண்டக் கூடாது, கையால்தான் எடுக்க வேண்டும்; அடியை விட்டுவைத்தால்தான் மறுபடி தழைக்கும். அன்றாடம் போனால்தான் அடுப்பு எரியும் என்கிற வீடுகள் பாதிக்கு மேற்பட்ட நாட்களைத் தாங்களாகவே விட்டுக்கொடுத்திருக்கின்றன! இதை முன்னின்று செய்தவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. கடலைக் காத்ததற்காக வெளிநாட்டில் விருது, அதே கடலில் இறங்கினால் உள்ளூரில் வழக்கு. இந்தக் கோணலை நீங்கள்தான் நிமிர்த்த வேண்டும்.

இன்னொரு பாசியின் கதையும் உங்களுக்குத் தெரியும். கப்பாபைகஸ், இங்கே பேச்சில் பெப்சி பாசி. வெளியிலிருந்து வந்தது. 2000-க்குப் பிறகு பெப்சி நிறுவனமும் வங்கிக் கடனும் மகளிர் குழுக்களும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். வளர்ப்பு பாக் நீரிணைப் பக்கம்தான். ஆனாலும் அது உங்கள் பூங்காவுக்குள் இருக்கும் குருசடைத் தீவின் பவளத்தில் ஏறிப் படர்ந்திருப்பதை 2008 வாக்கில் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மூங்கில் தெப்பம் கட்டி அதை வளர்ப்பவர்களும் ஏழைப் பெண்கள்தான், அவர்கள் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. இப்போது வளமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா வருகிறது, நல்லது. வந்த பாசிக்கு இவ்வளவு வரவேற்பு இருக்கும்போது, இந்தக் கடலிலேயே முளைக்கும் பாசியை அளந்து எடுப்பவர்களுக்கு அனுமதி என்று ஒரு தாள்கூடக் கிடையாதா?

தாள் இல்லாததன் வலி வீட்டில்தான் தெரியும். பிடிபடும் பயத்தில் வேலை நிற்கிற வாரத்தில் வியாபாரியிடம் முன்பணம் வாங்க வேண்டியிருக்கிறது. முன்பணம் கொடுத்தவர் சொல்வதுதான் அப்புறம் விலை. கடன் ஏறினால் முதலில் கை வைப்பது பிள்ளைகள் படிப்பில். பத்தாவது முடித்த பெண் பிள்ளை அம்மாவோடு வத்தையில் ஏறினால் திரும்பப் பள்ளிக்கூடம் போவது கஷ்டம். படகைப் பிடித்துவைக்கும்போது இதையும் சேர்த்துத்தான் பிடித்துவைக்கிறீர்கள்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. அவர்கள் விதியையே எடுத்து எழுதி, எந்தத் தீவோரம், எந்த நாட்கள், என்ன பாசி என்று குறித்து, ஊர்க்குழுவும் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். மீறினால் முதலில் ஊர்க்குழு விசாரிக்கட்டும். பாசி தேய்கிறதா என்று மண்டபம் ஊரில் இருக்கும் கடல் ஆய்வு நிலையங்கள் அந்தப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஆண்டுதோறும் பார்க்கட்டும். 2016-ல் கடல் சூடேறிப் பவளம் வெளிறி மடிந்த பிறகு இது இன்னும் அவசியம். எடுத்தது போதும் என்று கணக்கு சொன்னால் நாளைக் குறைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே குறைத்துப் பழகியவர்கள், காரணம் புரிந்தால் கேட்பார்கள். மீன்வளத்துறையோடு பேசி, முன்பணத்தை அடைக்கக் குறைந்த வட்டியில் கடனும் நேரடியாக விற்க ஒரு கூட்டுறவும் அமைத்துக் கொடுத்தால் பாதித் தொல்லை தீரும்.

சட்டம் இடம் கொடுக்காது என்பீர்கள். 2006-ன் வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காவையும் வன நிலமாகவே சொல்கிறது, நீர்நிலைகளின் மீனும் பிற விளைபொருளும் சமூக உரிமையில் வரும் என்கிறது. கடலுக்கு அது எவ்வளவு தூரம் செல்லும் என்று சட்ட வல்லுநர்களிடம் கேளுங்கள். ஊர்க்காரர்களோடு சேர்ந்து வேலை செய்வது உங்களுக்குப் புதிதும் அல்ல. இதே மாவட்டத்துக் காரங்காடு ஊரில் அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சுற்றுலாவை அந்த ஊர் மக்களை வைத்துத்தானே நடத்துகிறீர்கள்? வலையில் சிக்கிய கடற்பசுவை விடுவிக்கும் மீனவர்களைப் பாராட்டிப் பரிசும் கொடுக்கிறீர்கள்.

ஒரு சின்ன வேண்டுகோள். பேச அழைத்தால் மாவட்டத் தலைநகரில் முற்பகல் கூட்டமாக வைக்காதீர்கள். பாசி நாட்களில் அந்த நேரம் அவர்கள் கழுத்தளவுத் தண்ணீரில் இருப்பார்கள். பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்து, அவர்கள் ஊரிலேயே, சாயங்காலம் வையுங்கள்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் மாவட்டக் கடலோரவாசி ஒருவர்