நட்சத்திரம் பல்லுக்கா, பில்லுக்கா? பள்ளித் தாளாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு,

வணக்கம். பல் மருத்துவ முகாம் முடிந்த கையோடு, பிள்ளைகள் எல்லோரும் எலக்ட்ரிக் பிரஷுக்கு மாற வேண்டும், பள்ளி அலுவலகத்திலேயே சலுகை விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினீர்கள். அதைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள்.

சுற்றறிக்கையோடு விட்டிருந்தால் மடித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். மூன்றாம் வகுப்புச் சுவரில் ஒரு சார்ட் தொங்குகிறது. பிரஷ் வாங்கிய பிள்ளையின் பெயருக்கு நேரே தங்க நட்சத்திரம், வாங்காத பிள்ளைக்கு வெறும் கட்டம். என் மகளுக்கு வெறும் கட்டம். ராத்திரி சாப்பிட்டதும் யாரும் சொல்லாமலே பல் தேய்க்கிற பிள்ளை அவள். "நான் தெனமும் தேய்க்கிறேன்ல, அப்புறம் ஏம்மா எனக்கு ஸ்டார் இல்ல?" என்கிறாள். நான் என்ன சொல்லட்டும்? அந்த நட்சத்திரம் பல்லுக்கா, பில்லுக்கா?

எலக்ட்ரிக் பிரஷைக் குறை சொல்ல வரவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், மூன்று மாதத்துக்கு மேல் அதைப் பயன்படுத்தியவர்களுக்குப் பல்லில் படியும் அழுக்கு, கைப் பிரஷைவிட 21 சதவீதம் குறைவாக இருந்தது. ஈறு அழற்சி 11 சதவீதம் குறைவு. ஆனால் அது சொத்தை குறைந்த கணக்கு இல்லை. கையில் பிடிமானம் குறைந்த பிள்ளைக்கும், பல்லில் கம்பி போட்ட பிள்ளைக்கும் எலக்ட்ரிக் பிரஷ் நல்ல துணைதான். 1954இல் சுவிட்சர்லாந்தில் பிராக்சோடென்ட் என்ற எலக்ட்ரிக் பிரஷ் வந்தபோதே இப்படிப்பட்டவர்களை மனதில் வைத்துத்தான் வந்தது. எல்லோருக்கும் கட்டாயம் என்பது எந்த ஊர் நியாயம்?

சொத்தையைத் தடுப்பதில் பெரும்பங்கு பேஸ்ட்டில் உள்ள ஃபுளோரைடுக்கு. காலையிலும் ராத்திரியும் இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும். ஏழெட்டு வயது வரை பெரியவர் கை கூட இருக்க வேண்டும். ஆறு வயது வாக்கில் பால்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் பல பெற்றோருக்கு அது வந்ததே தெரியாது. முளைக்கும்போது மற்ற பற்களைவிடத் தாழ்ந்து நிற்பதால் பிரஷ் அதில் படாமலே தாண்டிப் போய்விடும். கன்னத்துப் பக்கமிருந்து பிரஷைக் குறுக்கே விட்டுத்தான் தேய்க்க வேண்டும். ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல் அது. முகாமில் இதை ஒருவராவது சொல்லிக் கொடுத்தார்களா?

கைப் பிரஷ் 30, 40 ரூபாய்க்குத் தெருமுனைக் கடையில் கிடைக்கிறது. எலக்ட்ரிக் பிரஷுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை முனை மாற்ற வேண்டும். எங்கள் பக்கத்து மளிகைக் கடையில் அது கிடையாது. உங்கள் அலுவலகத்தில் கிடைக்கும், சரிதானே?

பல்மேல் இத்தனை அக்கறை உள்ளவர்கள் கேன்டீனில் கிரீம் பிஸ்கட்டும் ஜெல்லி மிட்டாயும் விற்பானேன்? சாப்பிட்டு வாய் கொப்பளிக்கலாம் என்றால் மதியத்துக்கு மேல் குழாயில் தண்ணீர் வருவதில்லை. ஒருவேளை அதற்கும் ஒரு எலக்ட்ரிக் குழாய் சலுகை விலையில் வருமோ என்னவோ.

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். சார்ட்டைக் கழற்றிவிடுங்கள். கடன் வாங்கி பிரஷ் வாங்கியவர்கள் அந்தப் பிரஷைத் திருப்பிக் கொடுக்க விரும்பினால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். 'கைப் பிரஷே போதும்' என்று டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா