பெட்ஃபோர்டு அவென்யூவிலிருந்து அப்பாவுக்கு

புரூக்ளின்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். குளிர் குறைந்துவிட்டது, இப்போது ஸ்வெட்டரே போதும். அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வீட்டைச் சுற்றி என்னதான் இருக்கிறது என்று போனில் கேட்டீர்கள். கடைகண்ணி, பார்க், ரயில் எல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்கு எழுத நினைத்தது இப்போது இல்லாத ஒரு இடத்தைப் பற்றி. பெட்ஃபோர்டு அவென்யூவும் சல்லிவன் பிளேஸும் சேரும் இடத்தில் உயர உயரமாக அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. முன்பு அங்கே எபெட்ஸ் ஃபீல்டு என்ற பேஸ்பால் மைதானம் இருந்தது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் சொந்த மைதானம்.

அதற்கும் முன்னால் அது குப்பை கொட்டும் பள்ளம், பன்றிகள் மேயும் இடம். அணியின் முதலாளி சார்லஸ் எபெட்ஸ் அதைத் துண்டு துண்டாக, வெளியே தெரியாமல் வாங்கியிருக்கிறார். தெரிந்தால் விலை ஏறிவிடுமே! 1913 ஏப்ரலில் மைதானம் திறந்தது. வாசலில் பளிங்கு பதித்த வட்ட மண்டபம், அதில் பேஸ்பால் மட்டைகளையே கைகளாக வைத்துச் செய்த சரவிளக்கு.

ஆனால் மைதானம் சின்னது. வலது பக்க எல்லை 297 அடிதான். அதற்கு மேல் அடித்தால், நம் கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி, பந்து நேராக பெட்ஃபோர்டு அவென்யூவில் போய் விழும். உட்கார்ந்திருப்பவர்கள் கத்துவது ஆடுபவர்களுக்குக் கேட்கும். ஹில்டா செஸ்டர் என்ற அம்மாள் மாட்டு மணி ஒன்றை ஆட்டிக்கொண்டே இருப்பாராம், ஊருக்கே அவரைத் தெரியும். ஸ்கோர் போர்டுக்குக் கீழே ஏப் ஸ்டார்க் என்ற துணிக்கடைக்காரர் ஒரு விளம்பரப் பலகை வைத்திருந்தார்: பந்து இதில் பட்டால் அடித்தவருக்கு ஒரு சூட் இலவசம். அவர் பிற்பாடு புரூக்ளினின் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் முதல்முறையாக டாட்ஜர்ஸுக்கு ஆடியது இங்கேதான். அதற்கு முன் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, பெரிய லீக் அணிகளில் கறுப்பினத்தவர் ஒருவருக்கும் இடம் கொடுக்கவில்லை. அவருக்கு வந்த ஏச்சும் மிரட்டலும் கொஞ்சமல்ல. அவர் தாங்கிக்கொண்டு ஆடினார், ஜெயிக்கவும் வைத்தார். அவருடைய 42ஆம் எண்ணை இன்று எந்த அணியும் யாருக்கும் கொடுப்பதில்லை. இந்தத் தெருக்களில் நடக்கும்போது எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

உலகக் கோப்பை மாதிரியான வேர்ல்டு சீரிஸில் டாட்ஜர்ஸ் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். நியூயார்க்கின் இன்னொரு அணியான யாங்கீஸிடம் மட்டுமே ஐந்து தடவை. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பது இந்த ஊர்க்காரர்களின் வாடிக்கைப் பேச்சாகிவிட்டது. கடைசியில் 1955இல் அதே யாங்கீஸை வென்றார்கள். இரண்டே வருஷத்தில் அணியே ஊரை விட்டுப் போய்விட்டது, அப்பா. அதைத்தான் மனசு ஏற்கவில்லை.

காரணம், எல்லோரும் விரும்பிய அந்தச் சின்ன அளவுதான். சுமார் 32,000 பேர்தான் உட்காரலாம். கார் நிறுத்த இடம் 700க்குத்தான். ரசிகர்களில் பலர் லாங் ஐலண்டு பக்கம் குடிபோய், காரில் வரத் தொடங்கிய காலம் அது. அப்போதைய முதலாளி வால்டர் ஓமாலி, அட்லாண்டிக், ஃபிளாட்புஷ் அவென்யூக்கள் சேரும் இடத்தில் புது மைதானம் கட்ட நினைத்தார். நிலத்தை நியூயார்க் நகர நிர்வாகம் கையகப்படுத்தித் தர வேண்டும் என்று கேட்டார். நகரத் திட்டங்களைக் கையில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் மறுத்து, நகரத்தின் இன்னொரு பகுதியான குவீன்ஸில் ஃபிளஷிங் பக்கம் போகச் சொன்னார். 1957 செப்டம்பர் 24 கடைசி ஆட்டம். வந்தவர்கள் 6,702 பேர்தான். அடுத்த மாதமே லாஸ் ஏஞ்சலஸுக்குப் போவதாக அறிவித்துவிட்டார்கள்.

எங்கள் கட்டடத்தில் ஒரு பாட்டி இருக்கிறார், சின்ன வயதில் அவருடைய அப்பாவோடு ஆட்டம் பார்க்கப் போனவர். ஓமாலியின் பெயரைக் கேட்டாலே இன்றும் முகம் சுருங்கிவிடும். எனக்கென்னவோ மோசஸ் பங்குதான் அதிகம் என்று தோன்றுகிறது. ஒரு பேட்டையே தன்னுடையதாக நினைத்த அணியைத் தக்கவைக்க அந்த நிலத்தைத் தந்திருக்கலாம்.

1960 பிப்ரவரியில் இடித்தார்கள். இடிக்கும் இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் மாதிரியே வெள்ளையடித்துத் தையல் வரைந்திருந்தார்களாம். யாருக்கு அப்படிச் செய்ய மனசு வந்ததோ! 1962இல் குடியிருப்பு வந்தது.

ஓமாலி இடம் கேட்ட அதே சந்திப்பில் இப்போது பார்க்லேஸ் சென்டர் என்ற அரங்கம் இருக்கிறது. எபெட்ஸ் ஃபீல்டின் கொடிக்கம்பத்தை அங்கே நட்டிருக்கிறார்கள். மோசஸ் காட்டிய ஃபிளஷிங் பக்கம் மெட்ஸ் அணி ஆடுகிறது. அவர்களுடைய சிட்டி ஃபீல்டு மைதானத்தின் முகப்பு எபெட்ஸ் ஃபீல்டைப் பார்த்துக் கட்டியது, உள்ளே உள்ள வட்ட மண்டபத்துக்கு ராபின்சன் பெயர். டாட்ஜர்ஸ் அங்கே ஆட வரும்போது உங்களையும் அம்மாவையும் கூட்டிப்போக ஆசை. பாஸ்போர்ட் புதுப்பிக்கிற வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். விசா தேதி கிடைக்கத் தாமதமாகிறது.

அன்புடன்,
உங்கள் மகள்