ஆறுமணிக் குருவியும் உன் அரைப்பேரும்

அக்கா,

நாளையிலிருந்து கொழுந்து பறிக்க மலைக்கு வரமாட்டேன் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும், வாசிக்கும் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். நம் லயத்து வீடுகளில் இப்போது எல்லார் கையிலும் போன்.

சொல்லிவிட்டு இறங்கும்போது இருட்டிக்கொண்டு வந்தது, மூங்கில் பக்கம் ஆறுமணிக் குருவி இரண்டு தரம் விசிலடித்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த ஐப்பசிக் காலை. பக்கத்து நிரையிலிருந்து நீ வாயைத் திறக்காமல் கையை மட்டும் காட்டினாய். கானுக்குள், அந்த வாய்க்கால் சருகு மேல் இதே குருவி, ஒரு சாண்கூட இல்லை. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், கண்ணுக்குக் குறுக்கே மை இழுத்த கறுப்பு, குட்டை வாலுக்கடியில் குங்குமம் கொட்டினாற்போல் சிவப்பு. இமயமலை அடிவாரத்திலிருந்தெல்லாம் குளிருக்குத் தப்பி வருமாம், வந்த புதிதில் களைத்துப்போய்க் கண்ட இடத்தில் விழுந்து கிடக்குமாம், அதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. நுவரெலியா விக்டோரியா பூங்காவில் இதற்காகவே கேமராவோடு காத்துக் கிடக்கிறார்கள். நம் காலடிக்கு அதுவாக வந்தது, முதுகில் கூடையோடு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

நான்தான் கத்தினேன். அது தத்தித் தத்தித் தேயிலைக்கடியில் மறைந்தது, எல்லாரும் ஓடி வந்தார்கள், வேலை நின்றது. யாரென்று கேட்டபோது நீ "நான்தான்" என்றாய். கொழுந்தும் குறைந்ததென்று உனக்கு அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான். நான் பேசவில்லை. சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பெயரை வெட்டிவிடுவார்களோ என்ற பயம். சரி, பயம் மட்டுமில்லை, நீ இருந்தால் நீயே வாங்கிக்கொள்வாய் என்று பழகிவிட்டது. மன்னித்துக்கொள். ஆனால் அந்தப் பழக்கத்தைப் பழக்கினது யார்?

அன்றிரவு அவிச்சியா கதை சொன்னாய், இந்தக் குருவிக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர், சிங்களவர்கள் சொல்லும் கதை, அதன் உடுப்பை மயில் களவெடுத்ததாம், அதற்குத்தான் அழுகிறதாம். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. எனக்குச் சொன்னதா அது?

உன் தலைத்துண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, குளிருக்குக் கட்டிக்கொள்கிறேன். நீ குவைத்துக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்தது அம்மாவுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக் காம்பராவுக்கும் தெரியும். எனக்கு மட்டும் வேன் வந்து நின்ற காலையில்தான் தெரிந்தது. அதை நான் மறக்கமாட்டேன், எழுதியே வைக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ வாசித்ததும் தெரியும், பதில் போடாததும் தெரியும். அதனால்தான் இங்கே.

குருவிச் சத்தத்தைப் போனில் பதிந்திருக்கிறேன். பாதிக்கு மேல் மழைதான் கேட்கிறது. அதை மட்டும் அனுப்புகிறேன், கேள்.