சுடோக்குப் போட்டிக்கு முதல் ஒரு கடிதம்

கிளிநொச்சி
மார்கழி

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சது. புதுக்குடியிருப்பிலயும் மழை விடாமல் அடிக்குது எண்டு எழுதியிருந்தாய். இங்கயும் அதே கதைதான், வயலில கால் வைக்க ஏலாது. சனசமூக நிலையத்தில பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுடோக்குப் போட்டி வைக்கப் போறாய் எண்டது நல்ல சங்கதி. அதுக்கு முதல் "கடினம்" எண்டு போட்ட புதிரை ஊகிக்காமல் முடிக்கிற வழியைப் படிப்பிக்க வேணும் எண்டு கேட்டாய். ஆனால் நீ அனுப்பின பட்டியலைப் பார்க்கத்தான் பயமாக் கிடந்தது. அத்தனை உத்தி, அத்தனை இங்கிலீசுப் பேர். அதை அப்பிடியே கரும்பலகையில எழுதினால் பிள்ளைகள் பேரைப் பாடமாக்கிப்போட்டுப் புதிரை விட்டிடுவினம்.

அந்தப் பட்டியலின்ர அரைவாசிக்கு மேல ரெண்டே ரெண்டு கேள்வியில அடங்கும். ஒரு எண்ணுக்கு ஒரு நிரையிலயோ நிரலிலயோ 3க்கு 3 பெட்டியிலயோ ரெண்டே இடம் மிச்சமா? ஒரு கட்டத்துக்கு ரெண்டே எண் மிச்சமா? இந்த ரெண்டையும் கண்டுபிடிக்கக் கண் பழகினால் பேர் தானாப் பின்னால வரும். பழகாட்டி எக்ஸ்-விங் எண்ட உத்தியைப் படத்தில காட்டினாலும் புதிருக்குள்ள காணமாட்டினம்.

கீழ எழுதுறதுக்கு ஒரு ஒழுங்கு வைச்சிருக்கிறன். 4-7 எண்டால் நாலாம் நிரை, ஏழாம் நிரல். ஒரே நிரையில, நிரலில அல்லது பெட்டியில சேர்ந்து கிடக்கிற கட்டங்களை ஒண்டையொண்டு "பார்க்கிற" கட்டங்கள் எண்டு சொல்லுவன், அவையில ஒரே எண் ரெண்டு தரம் வரேலாது. பென்சில் எண் எண்டால் கட்டத்துக்குள்ள சின்னனா எழுதுற சாத்தியங்கள்.

முதல் பென்சில் எண்ணைப் பற்றி. கடினப் புதிரில பிழைக்கிற பிள்ளைகளில கனபேர் உத்தி தெரியாமல் பிழைக்கிறேல்லை, குறிப்புப் பிழைச்சுத்தான் பிழைக்கினம். பேப்பரில அச்சடிச்ச கட்டம் சின்னன், அதுக்குள்ள ஆறு எண் எழுதினால் 3 எது 8 எது எண்டு தெரியாது. சதுர றூல் கொப்பியில கீறச் சொல்லு. சுடோக்குவின்ர ஒரு கட்டத்துக்குக் கொப்பியில 3க்கு 3 சின்னச் சதுரம். முழுப் புதிருக்கும் 27க்கு 27. சதுரம் 5 மில்லிமீற்றர் எண்டால் 13.5 சென்ரிமீற்றர் அகலம் வரும். ஒவ்வொரு எண்ணுக்கும் நிரந்தர இடம்: 1 மேல் இடப்பக்க மூலை, 5 நடு, 9 கீழ் வலப்பக்க மூலை. அப்ப 7ஐத் தேடேக்க எண்ணை வாசிக்கத் தேவையில்லை, கீழ் இடப்பக்க மூலையை மட்டும் பார்த்துக்கொண்டு போகலாம். எச்பி பென்சில் போதும். 2பி கை பட்டால் அப்பும்.

எடுத்தவுடன எல்லாக் கட்டத்திலயும் எல்லா எண்ணையும் எழுத விடாதை. 2007, 2008, 2011 ஆம் ஆண்டுகளில உலகச் சுடோக்குச் சம்பியனா வந்த தோமஸ் ஸ்னைடரின்ர பேரில ஒரு முறை இருக்கு. ஒரு பெட்டிக்குள்ள ஒரு எண்ணுக்கு ரெண்டே இடம் எண்டால் மட்டும் அந்த ரெண்டிலயும் குறிக்கிறது, மற்றதை வெறுமையா விடுறது. நான் மேல சொன்ன முதல் கேள்விக்கு இது அரைவாசி விடையை முதலே எழுதித் தந்திடும். அதோட முட்டி நிண்ட பிறகுதான் முழுக் குறிப்பு எழுத வேணும். இங்க ஒரு பொறி இருக்கு, பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லு: ஸ்னைடர் முறையில ஒரு கட்டத்துக்குள்ள 2, 9 எண்டு கிடந்தால் அந்தக் கட்டத்துக்கு ரெண்டே எண் எண்டு அர்த்தமில்லை. 4ம் 6ம் கூட வரலாம், அவை இன்னும் எழுதப்படேல்லை, அவ்வளவுதான். அதை ரெண்டெண் கட்டமா எடுத்து "இது இல்லையெண்டால் அது" எண்டு சங்கிலி கோத்தால் எல்லாம் குழம்பும். ரெண்டு முறையும் கலக்கக் கூடாது. முழுக் குறிப்புக்கு மாறினால் 81 கட்டத்தையும் ஒருக்கால் சரிபார்த்துப்போட்டுத்தான் அடுத்த அடி.

இனி இணைப்பு. ஒரு நிரையில 4க்கு ரெண்டே இடம் எண்டால் அந்த ரெண்டும் கிணத்துத் துலாவின்ர ரெண்டு நுனி மாதிரி, ஒண்டு பதிஞ்சால் மற்றது எழும்பும். ஒண்டு பொய்யெண்டால் மற்றது மெய். இதை வலுவான இணைப்பு எண்டு வை. ஒரே நிரையில 4க்கு நாலைஞ்சு இடம் இருந்தால், அதில ஒண்டு மெய்யெண்டால் மற்றது பொய், ஆனால் ஒண்டு பொய்யெண்டதால மற்றது மெய்யாகாது. இது மெல்லிய இணைப்பு. வித்தியாசம் இவ்வளவுதான். பிள்ளைகள் விடுற தர்க்கப் பிழையில பெரும்பாலானது மெல்லியதை வலுவானதா எடுக்கிறதால வருகுது.

ஸ்கைஸ்கிரேப்பர் எண்ட உத்தியில துவங்கு, எக்ஸ்-விங்கில வேண்டாம். நேர்த்தியான எக்ஸ்-விங் அடிக்கடி அம்பிடாது, இது அம்பிடும். முதலாம் நிரையில 4 வரக்கூடிய இடம் 1-2, 1-7 மட்டும். அஞ்சாம் நிரையில 5-2, 5-9 மட்டும். ஒரு பக்கம் ரெண்டாம் நிரலில நேராய் நிக்குது, மற்றப் பக்கம் விலகி நிக்குது. 1-7 இல 4 இல்லையெண்டால் 1-2 இல 4. அப்ப 5-2 இல வராது, 5-9 இல வந்தாக வேணும். ஆகவே 1-7, 5-9 ரெண்டில ஒண்டிலயாவது 4 உண்டு. ரெண்டையும் பார்க்கிற கட்டங்களில 4ஐ அழி: 4-7, 6-7, பிறகு 2-9, 3-9. கனபேர் முதல் சோடியை அழிச்சுப்போட்டு மற்றச் சோடியை மறந்திடுவினம்.

அந்த விலகின பக்கமும் நேரா வந்தால் அதுதான் எக்ஸ்-விங். ரெண்டாம் நிரையில 7க்கு மூண்டாம், எட்டாம் நிரல் மட்டும், ஆறாம் நிரையிலயும் அதே ரெண்டு நிரல் மட்டும் எண்டால், அந்த ரெண்டு நிரலிலயும் மிச்ச இடத்தில 7ஐ அழிக்கலாம். நிரையில கண்டால் நிரலில அழிக்கிறது, நிரலில கண்டால் நிரையில அழிக்கிறது. திசை மாறினால் நல்ல எண் போயிடும். இப்ப ஆறாம் நிரையில 6-7 இலயும் ஒரு 7 நிண்டு வடிவத்தைக் கெடுக்குது எண்டு வை. விட்டிட்டுப் போகத் தேவையில்லை. 6-7 பொய்யெண்டால் எக்ஸ்-விங் சரி. மெய்யெண்டால் அதே பெட்டியில வேற 7 வராது. ரெண்டு விதத்திலயும் சாகிறது 4-8, 5-8 இல நிக்கிற 7. அந்த ரெண்டை மட்டும் அழி. எட்டாம் நிரல் முழுக்க அழிக்க உரிமை இல்லை. சுவார்ட்பிஷ் எண்டது அதே எக்ஸ்-விங்தான், ஆனால் மூண்டு நிரை, மூண்டு நிரல். கையால தேடுறது சரியான மினக்கேடு, போட்டி நேரத்துக்கு நான் அதைப் படிப்பிக்கமாட்டன்.

ரெண்டாவது கேள்விக்கு வா, ரெண்டெண் கட்டம். எக்ஸ்வை-விங் இப்பிடி: நடுக் கட்டம் 5-5 இல 3, 8. அது பார்க்கிற 5-1 இல 3, 6. நடுக் கட்டமே பார்க்கிற 4-6 இல 6, 8. 5-5 இல 3 வந்தால் 5-1 இல 6, 8 வந்தால் 4-6 இல 6. எப்பிடியும் அந்த ரெண்டில ஒண்டு 6. ரெண்டையும் பார்க்கிற அஞ்சு கட்டம் இருக்கு: 5-4, 5-6, 4-1, 4-2, 4-3. அஞ்சிலயும் 6 போகும். நடுக் கட்டம் ரெண்டு சிறகையும் பார்க்க வேணும். சிறகுகள் ஒண்டையொண்டு பார்க்கத் தேவையில்லை.

டபிள்யு-விங்கை நீ பட்டியலின்ர அடியில போட்டிருந்தாய், நான் மேல கொண்டு வருவன். 2-2 இலயும் 8-5 இலயும் அதே 2, 9. ரெண்டும் ஒண்டையொண்டு பார்க்கேல்லை. அஞ்சாம் நிரையில 2க்கு இடம் 5-2, 5-5 மட்டும். 2-2, 8-5 ரெண்டும் 2 எண்டால் அஞ்சாம் நிரைக்கு 2 கிடைக்காது. ஆகவே ஒண்டாவது 9, அப்ப 2-5 இலயும் 8-2 இலயும் 9 வராது. தேடுற முறையும் லேசு: ஒரே சோடி எண் ரெண்டு கட்டத்தில கண்டவுடன, அந்த ரெண்டு எண்ணில ஏதாவது ஒண்டுக்கு நடுவில பாலம் போடுற வலுவான இணைப்பு இருக்கோ எண்டு பார்.

இதெல்லாம் ஒரே சங்கிலியின்ர துண்டுகள்தான். நீளச் சங்கிலிக்கு ஒரு உதாரணம்: 1-1 இல 2, 5. 1-6 இல 5, 8. 7-6 இல 4, 8. 7-9 இல 2, 4. 1-1 இல 2 இல்லையெண்டால் 5, அப்ப 1-6 இல 8, 7-6 இல 4, 7-9 இல 2. எனவே 1-1 அல்லது 7-9 இல 2 உண்டு. 1-9 இலயும் 7-1 இலயும் 2ஐ அழி. துவக்கம் கவனம்: "2 இல்லையெண்டால்" எண்டு துவங்க வேணும். "2 எண்டால்" எண்டு துவங்கிப் போனால் ஏதோ ஒரு கதை வரும், அதில இருந்து முடிவு ஒண்டும் எடுக்கேலாது. சங்கிலி வலுவான இணைப்பில (ரெண்டெண் கட்டத்துக்குள்ள கிடக்கிற ரெண்டு எண்ணும் அப்பிடித்தான்) துவங்கி, வலு, மெல்லியது, வலு எண்டு மாறி மாறிப் போய், வலுவானதிலயே முடிய வேணும். ரெண்டு நுனியிலயும் அதே எண் இருந்தால், ரெண்டு நுனியையும் பார்க்கிற கட்டத்தில அந்த எண் போகும். இதுக்கும் ஊகிக்கிறதுக்கும் என்ன வித்தியாசம் எண்டு பிள்ளைகள் கேட்பினம். ஊகிக்கேக்க ஒரு எண்ணைப் போட்டுப் புதிர் உடையுமோ எண்டு காத்திருக்கிறாய். சங்கிலியில ஒண்டையும் போடேல்லை, எது நடந்தாலும் சாகிற எண்ணை மட்டும் அழிக்கிறாய்.

தனித்த செவ்வகத்தையும் கேட்டிருந்தாய். 1-4, 1-8, 3-4 மூண்டிலயும் 1, 5 மட்டும், 3-8 இல 1, 5, 9. அப்ப 3-8 இல 9தான். இல்லாட்டி நாலு கட்டத்திலயும் 1ஐயும் 5ஐயும் மாத்திப் போட்டாலும் புதிர் சரிவரும், ரெண்டு விடை வந்திடும். நாலு கட்டமும் சரியா ரெண்டு பெட்டிக்குள்ள கிடக்க வேணும். நாலு பெட்டியில பரந்தால் மாத்தேக்க பெட்டி உடையும், விதி செல்லாது. இந்த உத்தி, புதிருக்கு விடை ஒண்டுதான் எண்ட நம்பிக்கையில நிக்குது. தாளில ஒரு எண் பிழையா ஏறினால் இது பிழையான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். மற்ற உத்திகளுக்கு அந்த நம்பிக்கை தேவையில்லை.

அதால போட்டித் தாளைப் பற்றியும் எழுத வேணும். கையால செய்யக்கூடிய சோதனை மூண்டு. தந்த எண்கள் 17க்குக் குறைஞ்சால் அந்தத் தாள் பிழை. 16 எண்ணோட ஒரே விடையுள்ள புதிர் இல்லை எண்டு டப்ளினில கரி மக்குவயரின்ர குழு 2012இல கணினியால தேடிக் காட்டினது. ரெண்டாவது, 1 முதல் 9 வரையில ஆகக் குறைஞ்சது எட்டு எண்ணாவது தாளில தலை காட்ட வேணும். ரெண்டு எண் இல்லாட்டி அந்த ரெண்டையும் மாத்திப் போடலாம். மூண்டாவது, ஒரே மூண்டு பெட்டியை ஊடறுக்கிற மூண்டு நிரையில ரெண்டு நிரை வெறுமையாக் கிடக்கக் கூடாது. நிரலுக்கும் அதேதான். இவை மூண்டும் பிழையைப் பிடிக்கும், ஆனால் சரியெண்டு உறுதி தராது. உறுதிக்குக் கணினியில போட்டுப் பார்க்க வேணும்.

எண் குறைஞ்சால் கடினம் எண்டு நீ எழுதினது சரியில்லை. 17 எண் புதிர்களில கன எண்ணம் சாதாரணத் தேடலோடயே முடியும். பின்லாந்துக் கணிதர் ஆர்ட்டோ இங்காலா 2006இல உருவாக்கின எஸ்கார்கோப் புதிரில 23 எண் இருக்கு, அது மேல எழுதின எதுக்கும் இலேசில மசியாது. அந்த மாதிரியைப் பிள்ளைகளுக்கு வைச்சிடாதை.

பக்கத்தில பார்த்து எழுதுறதைத் தடுக்க வழி கேட்டாய். ஒரு நல்ல புதிரை எடுத்து எண்ணை மாத்து: 1 வாற இடமெல்லாம் 6, 6 வாற இடமெல்லாம் 3 எண்டு ஒன்பதுக்கும் ஒரு அட்டவணை போட்டுக்கொள். பிறகு முதல் மூண்டு நிரையைத் தங்களுக்குள்ள இடம் மாத்து, முழுத் தாளையும் தொண்ணூறு பாகை திருப்பு. தர்க்கம் அப்பிடியே இருக்கும், விடையும் ஒண்டுதான், கடினமும் மாறாது, ஆனால் பக்கத்துத் தாள் உதவாது. எண் மாத்த மட்டும் 362,880 விதம் இருக்கு. ஒரு நிரையை வேற பெட்டிக்காரரின்ர நிரையோட மட்டும் மாத்திப்போடாதை, பெட்டி உடைஞ்சிடும்.

நேரம் ஒரு புதிருக்கு 45 நிமிசம் குடு. அழிறப்பரும் குடு. ஆனால் ஒரே நிரையில ரெண்டு இடத்தில அதே எண் வந்திட்டால் அழிச்சு அழிச்சுத் திருத்தாமல், தந்த எண்களோட புதுசாக் கீறச் சொல்லு. அதுக்கெண்டு ஆளுக்கு ரெண்டு தாள் வை.

போட்டோக் கொப்பி எடுக்க முதல் தாளில ஒண்டை பஸ்ஸில வாற ஆராவதிட்டக் குடுத்துவிடு. விடை ஒண்டுதானோ எண்டு பார்த்து, எந்த இடத்தில முட்டுவினம் எண்டும் குறிச்சு அனுப்புறன்.

அன்புடன்,
உன்ர பழைய கூட்டாளி