போலி மருந்தும் மாறிய பூச்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாங்குளம் பக்கத்தில் விவசாய மருந்துக் கடை வைத்திருப்பவன் நான். காலபோக நெல் குடலைக்கு வரும் நாட்களில் கடை வாசலில் கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான்: "அண்ணை, போன போகம் தந்த மருந்து இந்தமுறை கேக்கேல்லை. போலியோ?" போலி மருந்து சந்தையில் இல்லையென்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் எல்லாப் பழியையும் போத்தலின் தலையில் போடுவதும் சரியில்லை.

நெல்லின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சியை எடுத்துக்கொள்வோம். நெற்பயிரைச் சரித்து அடித்தண்டில் தட்டினால் பொலபொலவென்று தண்ணீரில் விழும், எள்ளளவுதான் இருக்கும். மேலிலையை மட்டும் நனைத்துவிட்டு வந்தால் இது சாகாது. அது தெளித்தவரின் பிழை. அடிவரை நனைத்தும் சாகாவிட்டால் காரணம் வேறாக இருக்கலாம். ஒரு வயலிலுள்ள லட்சக்கணக்கான அறக்கொட்டிகளில் சிலவற்றுக்கு, அந்த நஞ்சை உடைத்துப்போடும் நொதியம் பிறப்பிலேயே கூடுதலாகச் சுரக்கும். மருந்து அடிக்கும்வரை அதனால் பெரிய லாபமில்லை. அடித்த பிறகோ மற்றவை செத்துவிட, முட்டையிட மிஞ்சுவது இவைதான். ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். தாயின் குணம் குஞ்சுக்கும் வரும்.

"பூச்சி மருந்துக்குப் பழகிட்டுது" என்கிறார்கள். எந்தப் பூச்சியும் தன் ஆயுளில் பழகி மாறவில்லை. தாங்காதவை வாரிசில்லாமல் போயின, அவ்வளவுதான். 1859இல் டார்வின் எழுதிய இயற்கைத் தேர்வு இதுதான். கூர்ப்பு, அதாவது பரிணாமம், என்றவுடன் குரங்குக் கதையென்று சிரிக்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஒருநாள் வயலுக்குள் இறங்கிப் பார்க்கலாம்.

இது விளங்காததால்தான் அளவை இரட்டிப்பாக்கி அடிக்கிறார்கள். சிலந்தியும் சேர்ந்து சாகிறது. அறக்கொட்டியைத் தின்ன ஆளில்லை, மிஞ்சியவற்றுக்கு வயல் முழுவதும் சொந்தம். இன்னொரு கூத்து, மருந்தை மாற்றுகிறோமென்று நிறம் வேறான போத்தலை வாங்குவது. பெயரும் படமும் வேறு; சிறிய எழுத்தை வாசித்தால் உள்ளே இமிடாகுளோபிரிட் என்ற அதே பூச்சிகொல்லி. விற்பவர்களும் இதைச் சொல்வதில்லை.

மருந்து மட்டுமல்ல, நெல்லினமும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1973இல் அறக்கொட்டியை எதிர்க்கும் ஐ.ஆர். 26 இனத்தை வெளியிட்டது. அதிலிருந்தது ஒரேயொரு முக்கிய எதிர்ப்பு மரபணு. பெரும் பரப்பில் அதையே விதைத்தார்கள். சில வருடங்களிலேயே அதையும் உறிஞ்சக்கூடிய பூச்சிகள் பெருகிவிட்டன. 1976இல் வேறு மரபணுவுடன் ஐ.ஆர். 36 வந்தது. பிறகு விஞ்ஞானிகள் தேடிப்போன எதிர்ப்பு மரபணுக்களில் ஒன்று எங்கள் இலங்கையின் பழைய இனமான ரத்து ஹீனட்டியில் இருந்தது. பழைய நெல்லைக் கைவிடாமல் விதைத்து வந்த யாரோ சில கமக்காரருக்கு ஆசியா கடன்பட்டிருக்கிறது.

நஞ்சே இல்லாத காலத்திலும் இது நடந்திருக்கிறது. களை பிடுங்கும் பெண்களுக்கு நெற்சப்பி என்ற புல்லைத் தெரியும், நெல்லைப்போலவே தோன்றும் களை அது: இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்கு ஒரு மெல்லிய சவ்வு நிற்கும், நெற்சப்பிக்கு அது இல்லை. இளம்பயிரில் அவ்வளவு கிட்டப் பார்த்தால்தான் பிடிபடும். சீனாவின் யாங்சி ஆற்றுப் பக்கத்து நெற்சப்பியின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், அது நெல்லைப்போல நிமிர்ந்து வளரத் தொடங்கி ஏறக்குறைய ஆயிரம் வருடம் என்று 2019இல் எழுதினார்கள். நெல்லென்று நினைத்துக் கை விட்டுவைத்தது விதை போட்டது. அந்த வேடத்தைத் தேர்ந்தெடுத்தது மனிதரின் கண்.

உயர்தர உயிரியலில் கூர்ப்பு ஒரு பாடம். வன்னியில் வயலுக்கு இறங்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் உயர்தர உயிரியல் படிக்கிறார்கள்? ஆகவே விவசாயப் போதனாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். காலபோகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதியும் மாடு அகற்றும் திகதியும் தீர்மானிக்கிறோம். அதே கூட்டத்தில் அரை மணித்தியாலம் இதற்கும் ஒதுக்குங்கள். ஒரு குளத்தின் கீழுள்ள வயல்களில் எந்த இனங்களைக் கலந்து விதைப்பது, எந்த வகை மருந்தை அடுத்தடுத்து அடிக்காமல் விடுவது என்று சேர்ந்து முடிவெடுக்கலாம். பூச்சிக்கு வரம்பு தெரியாது. வெற்றுப் போத்தல்களை நான் கழுவிக் கொண்டுவருகிறேன், ஒரே மருந்துள்ளவற்றை ஒரு பக்கமாக அடுக்கிக் காட்டலாம்.

இப்படிக்கு,
மருந்துக் கடைக்காரன்,
மாங்குளம்.