ஈரம் கழித்த எடை

சோமனூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, "தேடிப்போன வெளிச்சமே இல்லையென்று ஆகிவிட்டது, இனி என் மூன்று வருட வேலைக்கு என்ன பொருள்?" என்று கேட்டாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. வானத்தின் பின்னணி ஒளியைப் பற்றி நீ அனுப்பிய கட்டுரைகளை அதன்பின் நான்கு தடவை படித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நம் தறிக்குடோனில் கூரைக் கண்ணாடி வழியாகக் காலை வெயில் இறங்கும்போது, பறக்கும் பஞ்சுத் தூசி முழுவதும் மினுங்கி, அதற்கு அப்பால் இருக்கும் தறி மங்கிப்போகும். கோள்களுக்கிடையே மிதக்கும் தூசியும் அவ்வாறே சூரிய ஒளியைச் சிதறடித்து, வானத்தின் பின்னணியில் பரவிக் கிடக்கும் மெல்லிய ஒளியை மறைத்துவிடுகிறது. 2006இல் கிளம்பி 2015இல் புளூட்டோவைக் கடந்த நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அந்தத் தூசியைத் தாண்டிப் போனதால்தான், 20.8 சென்டிமீட்டர் விட்டமே உள்ள அதன் சிறிய தொலைநோக்கியால் உண்மையான இருட்டை அளக்க முடிந்தது.

2022இல் வெளியான அளவில், சதுர மீட்டருக்கு, ஸ்டெரேடியனுக்கு (வானத்தின் பரப்பை அளக்கும் கோண அலகு) 16.37 நானோவாட் ஒளி இருந்தது. தெரிந்த விண்மீன் மண்டலங்களெல்லாம் சேர்ந்தாலும் அதில் ஏறக்குறைய பாதிதான் தேறியது. மீதிப் பாதி, கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் கரும்பொருளிலிருந்து வருகிறதோ என்ற கேள்வியில்தான் நீ இறங்கினாய். கரும்பொருளாக இருக்கலாம் என்று கருதப்படும் துகளான ஆக்சியான், 8 முதல் 20 எலக்ட்ரான் வோல்ட் நிறையுள்ளது ஒன்று சிதைந்தால், நிறையில் பாதிப் பாதி ஆற்றலோடு இரண்டு ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், கிளம்பும்; அண்டம் விரிய விரிய அந்த ஒளியும் நீண்டு, வெவ்வேறு காலத்தில் கிளம்பியதெல்லாம் கலந்து, பரவிய வெளிச்சமாக வந்து சேரும். நீ இதைத் திண்ணையில் உட்கார்ந்து எனக்கு விளக்கிய இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நீ சிறுமியாக இருந்தபோது ஓர் ஐப்பசியில், வாங்கிய நூலைவிட நெய்த துணி எடை கூடுதலாக வந்தது. நூல் கொடுத்தவர் எடை குறைத்து எழுதிவிட்டார் என்று எண்ணி, நான் தராசை இரண்டு முறை சரிபார்த்தேன். பிறகு அதே துணியை வெயிலில் உலர்த்தி நிறுத்தபோது கணக்கு நேரானது. அடைமழையில் பருத்தி குடித்த ஈரத்தை நான் கழிக்காமல் விட்டிருந்தேன்.

2024இல் நியூ ஹொரைசன்ஸ் குழுவினரும் இதைத்தான் செய்தார்கள். சூரியனிலிருந்து சுமார் 850 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் நின்று, இருபதுக்கும் மேற்பட்ட திசைகளைப் பார்த்து, நம் பால்வெளியின் தூசி சிதறடிக்கும் ஒளியைப் புதிதாகக் கணக்கிட்டுக் கழித்தபோது 11.16 நானோவாட்தான் நின்றது. விண்மீன் மண்டலங்களின் பங்கு 8.17 என்றால் மீதி 2.99, அதற்குப் பிழை வரம்பே 2.03. இதை வைத்துக்கொண்டு ஒரு துகளைக் கண்டேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் உன் கணக்கு எப்படி வீணாகும், கண்ணு? அந்த நிறையில் ஆக்சியான்தான் கரும்பொருள் என்றால், அது இன்ன வேகத்துக்கு மேல் சிதைய முடியாது என்று எல்லை கட்டுவதற்கு, சிதைவிலிருந்து எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி வரும் என்று நீ போட்டு வைத்த அதே கணக்குதான் தேவை. மிச்சம் குறையக் குறைய அந்த எல்லை இறுகும். இதை உன் வழிகாட்டியிடம் சொல்லிப் பார்த்தாயா?

எனக்கு ஓர் ஐயம் மட்டும் தீரவில்லை. அந்த 8.17இல், தொலைநோக்கிக்கே எட்டாத மங்கலான மண்டலங்களை எப்படிச் சேர்த்தார்கள்? அந்த இடத்தில் சிறிது பிசகினாலும் மீதி முழுவதும் மாறிவிடுமே. நீ கையால் கணக்குப் போட்ட தாள் இருந்தால் படம் எடுத்து அனுப்பு. பெரிய எழுத்தாக இருக்கட்டும், இப்போது கண்ணாடி போட்டாலும் சிறிய எழுத்து தெரிவதில்லை.

அன்புடன்,
அப்பா