அப்பாவின் கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

கருவிழி மாற்றிய கண்ணில் பூஞ்சைத் தொற்று வந்து, கண்ணே போய்விடுமோ என்று பயந்து, இப்போதுதான் அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறோம். நேரில் எல்லோரிடமும் சொல்ல முடியவில்லை, சிலருக்குப் பெயரே தெரியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆஸ்பத்திரியில் போனை எடுத்த, நோயாளிகளுக்கு விவரம் சொல்கிற கவுன்சிலர் அக்காவுக்கு. கதிரடிக்கும்போது நெல் சுணை பட்டுப் புண்ணாகி, ஆறினபிறகு பூ விழுந்த கண் அது. கருவிழி மாற்றி நன்றாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது, வெளிச்சம் பார்த்தால் கூசுகிறது என்றார். வலி பெரிதாக இல்லை. போனில் சொன்னதும் அக்கா, "நாளைக்கு வேணாம், இன்னைக்கே கூட்டிட்டு வாங்க, ராத்திரி ஆனாலும் டியூட்டி டாக்டர் இருப்பாங்க" என்றார்கள். மாற்றிய கருவிழியில் நரம்பு அறுபட்டிருப்பதால் வலி குறைவாகத்தான் தெரியும், வலிக்கவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது என்பதெல்லாம் அங்கே போனபிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

டாக்டரம்மா, உங்களுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. முடியை விட மெல்லிய நைலான் தையலில் ஒன்று தளர்ந்து, அதில் அழுக்கு சேர்ந்து, அந்த வழியாகக் கிருமி இறங்கியிருக்கிறது என்று படம் வரைந்து காட்டினீர்கள். மாற்றிய கருவிழியை உடம்பு நிராகரிக்காமல் இருக்க விடுகிற ஸ்டீராய்டு சொட்டுமருந்தே பூஞ்சைக்குத் தீனி போட்ட மாதிரி ஆகிவிடும், அதை நிறுத்தினாலோ நிராகரிப்பு வரலாம், இரண்டுக்கும் நடுவில்தான் போக வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னீர்கள். அப்பாவிடமே சொன்னீர்கள், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

லேபில் இருந்த அந்தத் தம்பிக்கும் நன்றி. புண்ணைச் சுரண்டி எடுத்ததைக் கண்ணாடியில் வைத்து, மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பூஞ்சை இழை தெரிகிறது என்று அப்போதே சொல்லிவிட்டார். வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் ரிசல்ட்டுக்குப் பல நாள் ஆகும், அதுவரை காத்திருந்தால் கதை வேறு. பிறகு அது ஃபியூசேரியம் என்று வந்தது, நம் பக்கத்து வயல்வெளிகளில் சாதாரணமாக இருக்கிற பூஞ்சைதானாம்.

அப்புறம், என்னை ஒருமுறைகூடப் பார்த்திராத 323 பேருக்கு. அப்பாவுக்கு மணிக்கு ஒருமுறை நேட்டமைசின் என்கிற பூஞ்சைக்கான சொட்டுமருந்து விட்டார்கள். புது மருந்து வோரிகோனசோல் இருக்கிறதே, அது ஏன் இல்லை என்று நான் கேட்டபோதுதான் இந்த விஷயம் தெரிந்தது. பூஞ்சைப் புண்ணுக்கு இந்த இரண்டில் எது நல்லது என்று பார்க்க மதுரை, கோவை, பாண்டிச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. முடிவு 2013-இல் வெளியானது. பழைய நேட்டமைசின்தான் மேல், அதிலும் ஃபியூசேரியத்துக்குத் தெளிவாகவே மேல். வோரிகோனசோல் விட்டவர்களில் கருவிழி ஓட்டையானவர்கள் அதிகம். எந்த மருந்து கிடைக்கும் என்று தெரியாமலேயே அந்த ஆய்வுக்குச் சம்மதித்து உட்கார்ந்தவர்கள்தான் அந்த 323 பேர். என் அப்பாவுக்கு முதல் சொட்டிலேயே சரியான மருந்து கிடைத்ததற்கு அவர்களில் சிலர் கண்ணால் விலை கொடுத்திருக்கிறார்கள். இந்த நன்றியை எங்கே போய்ச் சொல்வது?

ராத்திரி முழுக்க அலாரம் வைத்து எழுந்து, பாட்டிலைக் குலுக்கிச் சொட்டு விட்ட சிஸ்டர்களுக்கும், நான் அசந்து தூங்கியபோது "அண்ணே, டைம் ஆயிருச்சு" என்று தட்டி எழுப்பிய பக்கத்து பெட் தம்பிக்கும், ஊரில் மாட்டைப் பார்த்துக்கொண்ட பெரியம்மா வீட்டுக்கும் நன்றி.

இவ்வளவும் செய்தும் புண் ஓரம் வரை பரவிவிட்டது. கண்ணுக்குள்ளே, பின்பக்கம் போகவில்லை என்று பி-ஸ்கேன் என்கிற கண் அல்ட்ராசவுண்டில் பார்த்துவிட்டு, போவதற்குள் கெட்ட கருவிழியை எடுத்துவிட்டு இன்னொன்று வைக்க வேண்டும் என்றார்கள். அன்றைக்குக் கண் வங்கியில் ஒன்று இருந்தது.

ஆக, அப்பாவுக்கு இரண்டு குடும்பங்கள் கண் கொடுத்திருக்கின்றன. யார் என்று சொல்ல மாட்டார்கள், அதுதான் முறை. ஆனால் ஒரு எழவு வீட்டில், அத்தனை அழுகைக்கு நடுவில், யாரோ ஒருவர் ஃபேனை நிறுத்தி, கண்ணை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டுமே என்று கண் வங்கிக்குப் போன் போட்டிருக்கிறார். மகனோ மருமகளோ, பக்கத்து வீட்டுக்காரரோ. நான் அதிகம் நினைத்துக்கொண்டிருப்பது அவரைத்தான்.

இதை நீங்கள் படிக்க நேர்ந்தால் தெரிந்துகொள்ளுங்கள்: தொற்று போய்விட்டது. வலி இல்லை. பார்வை இன்னும் மங்கல்தான், முகத்துக்கு நேரே விரலைக் காட்டினால் எண்ணுகிறார். பூஞ்சை திரும்பி வரவில்லை என்று உறுதியானபிறகுதான் ஸ்டீராய்டை மறுபடி கொஞ்சமாகத் தொடங்கியிருக்கிறார்கள். தெளிவாகத் தெரிய, பின்னால் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம் என்கிறார் டாக்டரம்மா. அப்பா அதற்கும் சரி என்றுதான் சொல்லியிருக்கிறார்.